இ-சாக்ஷ்யா செயலி: குற்றவாளிக் கூண்டின் பக்கமிருந்து ஒரு மதிப்பீடு

போலீஸ் ஒரு வீட்டைச் சோதனை போட்டால், நுழைந்ததிலிருந்து கைப்பற்றிய பொருட்களுக்குப் பட்டியல் எழுதிச் சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கும் வரை எல்லாம் ஒலி-ஒளிப் பதிவாக வேண்டும். 2024 ஜூலை 1 முதல் இது சட்டம், பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த புதிய சட்டம்) 105ஆவது பிரிவு. அந்தப் பதிவை எடுக்கவும் பத்திரப்படுத்தவும் தேசிய தகவலியல் மையம் உருவாக்கி, 2024 ஆகஸ்ட் 4 அன்று சண்டிகரில் அறிமுகமான கைபேசிச் செயலிதான் இ-சாக்ஷ்யா.

இதைப் பயன்படுத்துவது காவல்துறை மட்டும்தான். பொதுமக்கள் உள்ளே நுழைய வழியில்லை. ஆனால் இதில் பதிவாவது யாருடைய வீடு, யாருடைய சட்டைப்பை என்று பார்த்தால், இந்தச் செயலியின் தரம் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் அவருடைய வழக்கறிஞருக்கும்தான் அதிகம் முக்கியம். ஆகவே இந்த மதிப்பீடு அவர்கள் பக்கமிருந்து. சுருக்கமாகக் கருத்து இதுதான்: எடுத்த பதிவு பின்னால் மாறாமல் காப்பதில் செயலி நன்றாக இருக்கிறது. பதிவை எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பதை முழுக்க அதிகாரியின் விரலிடம் விட்டுவிடுகிறது. வழக்கு ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

கேமராவுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்பதற்கு நம் அரசியலமைப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அமெரிக்க அரசியலமைப்பில் நான்காவது திருத்தம் காரணமில்லாத சோதனையை நேரடியாகத் தடுக்கிறது. அதை மீறி எடுத்த பொருளை மாநில நீதிமன்றங்களிலும் சாட்சியமாக வைக்க முடியாது என்று 1961இல் மேப் வழக்கில் தீர்ப்பானது. நம்மிடம் அப்படி ஒரு பிரிவு கிடையாது. 1954இல் எம்.பி. சர்மா வழக்கில் எட்டு நீதிபதிகள் அமர்வு இதை வெளிப்படையாகவே சொன்னது. 2017இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்க உரிமை அரசியலமைப்பின் 21ஆவது பிரிவுக்குள் அடங்கும் என்றார்கள். அந்த அளவுக்கு எம்.பி. சர்மா தீர்ப்பு செல்லாமல் போனது. ஆனால் 1974இன் பூரண்மல் தீர்ப்பு இன்னும் நிற்கிறது: சோதனை முறைகேடாக நடந்தது என்பதற்காக மட்டும் அதில் கிடைத்த பொருளைச் சாட்சியத்திலிருந்து தள்ள முடியாது.

இதன் நடைமுறைப் பொருள் என்ன? "சோதனை சட்டவிரோதம்" என்று வாதாடி மட்டும் பொருளை வெளியே தள்ள முடியாது. "இந்தப் பொருள் இவரிடமிருந்து எடுக்கப்படவே இல்லை" என்று காட்டினால்தான் வழி. அதைக் காட்ட இதுவரை இருந்தது மகஜர் (கைப்பற்றியதை எழுதும் பதிவு) சாட்சிகளின் குறுக்கு விசாரணை ஒன்றுதான். தமிழ்நாட்டில் மகஜர் சாட்சி என்றால் பல வழக்குகளில் கிராம நிர்வாக அலுவலரும் அவருடைய உதவியாளரும்தான். பி.என்.எஸ்.எஸ். 103ஆவது பிரிவு அந்தப் பகுதியில் வசிக்கும், சார்பில்லாத, மதிப்புக்குரிய இருவர் வேண்டும் என்கிறது. அந்த இருவருக்குப் பதிலாக அரசு ஊழியரும் அவருக்குக் கீழ் வேலை பார்ப்பவரும் வந்து நிற்கும் இடத்தில், கேமரா மூன்றாவது சாட்சி. அதற்குப் பதவி உயர்வும் கிடையாது, இடமாற்றமும் கிடையாது.

இனி செயலிக்கு வருவோம். விசாரணை அதிகாரி தன் அடையாளத்தில் உள்ளே நுழைந்து, வழக்குக்கென ஓர் அடையாள எண் உருவாக்கிக்கொண்டு, வீடியோவும் படமும் எடுக்கிறார். ஒவ்வொன்றிலும் நேரமும் இடத்தின் ஜி.பி.எஸ். புள்ளியும் பதிகின்றன. முடிவில் அதிகாரி தன் முகத்தைச் செல்ஃபி எடுத்துச் சேர்க்க வேண்டும். பிறகு கோப்புகள் அரசின் மேகக் கணினிக்கு ஏறுகின்றன. காவல்துறை, நீதிமன்றம், தடயவியல், சிறை ஆகியவற்றை இணைக்கும் ஐ.சி.ஜே.எஸ். வழியாக நீதிமன்றம் அதைப் பார்க்கலாம் என்பது ஏற்பாடு. சிக்னல் இல்லாத இடமென்றால் ஸ்டேஷனுக்குத் திரும்பி வந்து ஏற்றலாம்.

இதில் உண்மையிலேயே நல்ல விஷயம் ஹாஷ் மதிப்பு. ஒரு கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டு எடுக்கும் நீண்ட எழுத்து-எண் வரிசை அது. கோப்பில் ஒரே ஒரு ஃபிரேம் வெட்டப்பட்டாலும் வரிசை முழுக்க வேறாகிவிடும். பி.எஸ்.ஏ. (புதிய சாட்சியச் சட்டம்) 63ஆவது பிரிவின்படி மின்னணுச் சாட்சியத்தோடு தர வேண்டிய சான்றிதழில் இந்த மதிப்பை எழுதியாக வேண்டும். கருவியின் தயாரிப்பு, மாடல், சீரியல் எண், ஐ.எம்.இ.ஐ. (ஒவ்வொரு கைபேசிக்கும் உள்ள தனி அடையாள எண்) போன்ற விவரங்களுக்கும் அதில் இடம் உண்டு. சான்றிதழ் இரண்டு பகுதி: 'ஏ' பகுதி கோப்பைத் தாக்கல் செய்பவர் தருவது, 'பி' பகுதி நிபுணர் தருவது. பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவுக் காலத்தில் சான்றிதழே இல்லாமல் சி.டி.யைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். சான்றிதழ் கட்டாயம் என்று 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்திய பிறகும் பல நீதிமன்றங்களில் அது இழுபறியாகவே இருந்தது. அந்தக் குழப்பத்துக்கு இப்போதைய ஏற்பாடு எவ்வளவோ மேல்.

குறைகள் வேறு இடத்தில் இருக்கின்றன. முதலாவது, துண்டுகள். அறிமுகமானபோது ஒரு பதிவுக்கு நான்கு நிமிடம் வரை, ஒரு வழக்குக்கு எத்தனை பதிவு வேண்டுமானாலும் என்று வைத்தார்கள். இரண்டு படுக்கையறை வீட்டை ஒழுங்காகச் சோதிக்க ஒரு மணி நேரம் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால் பதினைந்து துண்டு. இரண்டு துண்டுகளுக்கு நடுவில் என்ன நடந்தது என்பதற்குச் செயலியிடம் பதில் இல்லை. ஹாஷ் மதிப்பு துண்டுக்குள் வெட்டு இல்லை என்று சொல்லும். துண்டுகளுக்கு இடையே இடைவெளி இல்லை என்று சொல்லாது. ஆகவே பதிவுகளின் நகல் கைக்கு வந்ததும் முதல் வேலை, ஒவ்வொன்றும் எந்த மணி, நிமிடம், நொடியில் தொடங்கி எதில் முடிகிறது என்று ஒரு தாளில் எழுதிப் பார்ப்பது. பீரோவைத் திறக்கும் காட்சி ஒரு துண்டின் கடைசியிலும், பொருள் கையில் இருக்கும் காட்சி அடுத்த துண்டின் முதலிலும் வந்து, நடுவில் ஆறு நிமிடம் காணாமல் போயிருந்தால், குறுக்கு விசாரணையின் முதல் கேள்வி அங்கேயே கிடைத்துவிடுகிறது.

இரண்டாவது, ஜி.பி.எஸ். திறந்த வெளியில் சில மீட்டர் துல்லியம் இருக்கும். கான்கிரீட் கட்டடத்துக்குள் அது தளர்ந்து பக்கத்து வீட்டைக்கூடக் காட்டலாம். அடுக்குமாடியில் எந்தத் தளம் என்று அந்தப் புள்ளியை வைத்துச் சொல்லவே முடியாது. வரைபடத்தில் சரியான தெருவில் புள்ளி விழுகிறது என்பதால் சரியான வீடு என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளக் கூடாது. கதவு எண்ணோ மின்சார மீட்டர் எண்ணோ காட்சியில் வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, செல்ஃபி. அது அதிகாரி அங்கே இருந்தார் என்பதற்குச் சாட்சி. வீட்டுக்காரர் இருந்தாரா, சாட்சிகள் சோதனை முழுவதும் இருந்தார்களா, கடைசியில் கையெழுத்துப் போட மட்டும் வந்தார்களா என்பதை வீடியோவில்தான் தேட வேண்டும். 103ஆவது பிரிவு வீட்டில் இருப்பவருக்குச் சோதனையின்போது உடனிருக்கும் உரிமையையும், பட்டியலின் நகலைப் பெறும் உரிமையையும் தருகிறது. பெண்களைப் பெண்தான் சோதிக்க வேண்டும், அதுவும் கண்ணியம் குலையாமல். வீட்டுக்காரரைக் கூடத்தில் உட்கார வைத்துவிட்டு உள்ளறையைச் சோதித்திருந்தால் அது காட்சியில் தெரியும், அல்லது அவர் குரல் தூரத்தில் கேட்பதிலிருந்து புரியும். ஒலியை நிறுத்திவிட்டுப் பார்க்காதீர்கள். பல நேரம் படத்தைவிடப் பின்னணிப் பேச்சில்தான் விஷயம் இருக்கும்.

இவற்றையெல்லாம் தாண்டி, மிக நுணுக்கமான இடம் என்.டி.பி.எஸ். (போதைப்பொருள் தடுப்புச் சட்டம்) வழக்கு. ஒருவர் உடலைச் சோதிக்கும் முன், அரசிதழ் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதிக்கப்படும் உரிமை அவருக்கு இருப்பதைச் சொல்லியாக வேண்டும். அந்தச் சட்டத்தின் 50ஆவது பிரிவு இது. ஒப்புக்குச் சொன்னால் போதாது, கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும் என்று 2010இல் விஜய்சிங் ஜடேஜா வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. ஆனால் பி.என்.எஸ்.எஸ். 105ஆவது பிரிவின் வாசகம் "ஓர் இடத்தைச் சோதிப்பது" அல்லது "ஒரு பொருளைக் கைவசப்படுத்துவது" என்றுதான் இருக்கிறது. தெருவில் நிறுத்தி உடலைச் சோதிக்கும்போது, பொருளை எடுக்கும் நொடியில்தான் பதிவுக் கடமை பிறக்கிறது என்று அரசுத் தரப்பு வாதாட இடம் இருக்கிறது. உரிமையைச் சொல்ல வேண்டியதோ அதற்கு முன்னால். கேமரா ஓடத் தொடங்கும்போது பொட்டலம் ஏற்கெனவே தரையில் இருக்கும். "உங்கள் உரிமையைச் சொன்னோம், நீங்களே சோதிக்கலாம் என்றார்" என்பது தாளில் மட்டும் இருக்கும். செயலியில் பதிவைத் தொடங்கும் முன் இந்த வாசகத்தை உரக்கப் படிக்க வைக்கும் ஒரு படிநிலை இருந்தால் இந்தச் சண்டை பாதி குறைந்துவிடும். (பையில் வைத்திருந்த பொருளுக்கு 50ஆவது பிரிவு பொருந்தாது, உடல் சோதனைக்கு மட்டும்தான்.)

எடை போடும் காட்சியையும் விடாதீர்கள். கஞ்சாவில் 1 கிலோ வரை சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. வணிக அளவு என்றால் ஜாமீனே பெரும்பாடு. தராசில் முதலில் சுழியம் காட்டினார்களா, பிளாஸ்டிக் பையோடு சேர்த்து எடை போட்டார்களா, காம்பும் விதையும் இலையும் கலந்ததை அப்படியே போட்டார்களா என்பதெல்லாம் வீடியோவில் தெரியும். எல்லைக்கு அருகில் நிற்கும் எடையில் இந்த ஒரு காட்சி தண்டனையையே மாற்றும்.

அடுத்தது 'ரெக்கவரி'. போலீசிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது, பி.எஸ்.ஏ. 23ஆவது பிரிவு. அதன் காப்புரை மட்டும் ஒரு வாசலைத் திறந்து வைக்கிறது: காவலில் இருப்பவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடித் தொடர்புள்ள பகுதி மட்டும் ஏற்கப்படும். 1947இன் புலுகூரி கோட்டய்யா தீர்ப்பிலிருந்து இதே நிலைதான். கத்தி, நகை, ரத்தக் கறை படிந்த சட்டை எல்லாம் பெரும்பாலும் இந்த வாசல் வழியாகவே நீதிமன்றத்துக்கு வருகின்றன. இங்கே வரிசைதான் எல்லாம். முதலில் தகவல், பிறகு பயணம், பிறகு பொருள். கைப்பற்றும் காட்சியை மட்டும் பதிந்துவிட்டு, தகவல் சொன்ன காட்சியைப் பதியாமல் விட்டால், பொருள் இருக்கும் இடம் போலீசுக்கு முன்பே தெரியுமா என்ற கேள்விக்குப் பதில் இராது. காட்சியில் யார் முன்னால் நடக்கிறார் என்று பாருங்கள். விலங்கோடு இருப்பவர் பின்னால் வர, காவலர் நேராகப் புதரை நோக்கிப் போனால் அந்த வீடியோவே அரசுத் தரப்புக்கு எதிரான சாட்சி. வாக்குமூலம் எழுதிய நேரமாக மகஜரில் இருப்பதையும், வீடியோவின் நேரமுத்திரையையும், இரண்டு இடங்களுக்கும் உள்ள தூரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டாலே சில வழக்குகள் ஆட்டம் காணும்.

கைபேசி பறிமுதல் இன்னொரு தனி உலகம். போன் அணைந்திருந்ததா, ஓடிக்கொண்டிருந்ததா, அந்த இடத்திலேயே யாராவது திறந்து பார்த்தார்களா என்பது பதிவாக வேண்டும். இடத்திலேயே வாட்ஸ்அப்பைத் திறந்து ஸ்க்ரோல் செய்துவிட்டு, நான்கு நாள் கழித்துத் தடயவியல் ஆய்வகத்தில் எடுக்கும் ஹாஷ் மதிப்பு அந்த நான்கு நாளில் உள்ளே எதுவும் மாறவில்லை என்று சொல்லாது. மகஜரில் ஐ.எம்.இ.ஐ. எண்ணும் சிம் விவரமும் எழுதச் சொல்லுங்கள். கடவுச்சொல் கேட்பது அரசியலமைப்பின் 20(3)இன்படி தனக்கெதிராகச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்துவதா என்பதில், இல்லை என்று 2021இல் விரேந்திர கன்னா வழக்கில் கர்நாடக உயர் நீதிமன்றம் சொன்னது. அது சென்னை உயர் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. மனதில் இருப்பதைச் சொல்ல வைப்பதற்கும் உடலிலிருந்து மாதிரி எடுப்பதற்கும் 1961இன் கதி காலு தீர்ப்பு வகுத்த கோடு இருக்கிறது. கடவுச்சொல் முதல் வகை என்று வாதாட நல்ல இடம் உண்டு. கைரேகைப் பூட்டில் அந்த வாதம் பலவீனம்.

இந்தச் செயலியிடம் எதிர்பார்க்கவே கூடாத ஒன்று, விசாரணை அறையில் நடப்பது. பி.என்.எஸ்.எஸ். 180ஆவது பிரிவில் வாக்குமூலத்தை ஒலி-ஒளியாகப் பதிவு "செய்யலாம்" என்றுதான் இருக்கிறது, கட்டாயம் கிடையாது. சோதனைக்குக் கட்டாயம், கேள்விக்கு விருப்பம் என்பது இந்தச் சட்டத்தின் மிகப் பெரிய ஓட்டை என்பது எங்கள் உறுதியான கருத்து. 2020இல் சாத்தான்குளம் நடந்த மாநிலத்தில் இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. கேள்விக்கு முன்னால் நிற்பவருக்குப் பாதுகாப்பு அரசியலமைப்புதான்: பதில் சொல்லாமல் இருக்கும் உரிமை போலீஸ் விசாரணைக் கட்டத்திலேயே உண்டு என்று 1978இல் நந்தினி சத்பதி வழக்கு சொன்னது. உண்மை கண்டறியும் சோதனைகளைச் சம்மதமின்றி நடத்தக் கூடாது என்றது 2010இன் செல்வி வழக்கு. விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்கலாம். ஆனால் அவர் முழு நேரமும் பக்கத்தில் உட்கார முடியாது, பி.என்.எஸ்.எஸ். 38ஆவது பிரிவு அவ்வளவுதான் தருகிறது. கைதுக்கான காரணங்களை எழுத்தில், அவருக்குப் புரியும் மொழியில், குறைந்தபட்சம் ரிமாண்டுக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகத் தர வேண்டும் என்று 2025 நவம்பரில் மிகிர் ராஜேஷ் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவருக்கு ஆங்கிலத் தாளைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கியிருந்தால் ரிமாண்டின்போதே எழுப்புங்கள்.

பதிவைக் கையில் வாங்குவது எப்படி? சோதனை நடந்த வீட்டுக்காரர் முதலில் கேட்க வேண்டியது வீடியோவை அல்ல, காரணத்தை. வாரன்ட் இல்லாமல் பி.என்.எஸ்.எஸ். 185ஆவது பிரிவில் சோதித்திருந்தால், அதிகாரி அதற்கான காரணத்தை எழுதி 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும். வீட்டுக்காரர் மனு போட்டால் அதன் நகலை மாஜிஸ்திரேட் இலவசமாகத் தர வேண்டும் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. இதைக் கேட்டு வாங்குபவர்கள் மிகக் குறைவு, கேட்க வேண்டும். ரிமாண்ட் அன்றே ஒரு மெமோ போட்டு, 105ஆவது பிரிவின்படி பதிவு நீதிமன்றத்துக்கு வந்துவிட்டதா, எந்தத் தேதியில் வந்தது என்று கேளுங்கள். பிரிவு சொல்வது "தாமதமின்றி" அனுப்ப வேண்டும் என்று. மேகக் கணினியில் ஏற்றிவிட்டோம் என்பது மாஜிஸ்திரேட்டிடம் சேர்ப்பித்ததற்குச் சமமாகாது என்று வாதாடுங்கள். முழு நகல் கிடைப்பது குற்றப்பத்திரிகைக்குப் பிறகு: 230ஆவது பிரிவில், குற்றம் சாட்டப்பட்டவர் ஆஜரான நாளிலிருந்து 14 நாளுக்குள் ஆவணங்கள் தரப்பட வேண்டும். மெமரி கார்டில் இருப்பதும் ஆவணமே என்று 2019இல் பி. கோபாலகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. பாதிக்கப்பட்டவரின் அந்தரங்கம் சம்பந்தப்பட்ட பதிவு என்றால் மட்டும் நகலுக்குப் பதில் பார்வையிட அனுமதி.

நகலைப் பென் டிரைவில் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியதை ஏற்காதீர்கள். அது வீடியோவைச் சுருக்கிவிடும், ஹாஷ் மாறிவிடும், பிறகு ஒப்பிட எதுவும் மிஞ்சாது. வாங்கியதும் கோப்பைத் திறக்கும் முன் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, கணினியில் ஹாஷைக் கணக்கிட்டுச் சான்றிதழில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். விண்டோஸில் செர்ட்யூட்டில் (certutil) என்ற கட்டளை உள்ளேயே இருக்கிறது. காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். சான்றிதழில் எந்த முறையைக் குறித்திருக்கிறார்களோ, எஸ்.ஹெச்.ஏ.-256 என்றால் அதே முறையில் எடுக்க வேண்டும். எம்.டி.5 மதிப்பை எஸ்.ஹெச்.ஏ. மதிப்போடு ஒப்பிட்டுவிட்டுக் "கோப்பு மாறிவிட்டது" என்று மனு போட்டால் வழக்கு அன்றே பலவீனப்படும். கோப்பின் பெயரை மாற்றினால் ஹாஷ் மாறாது. உள்ளே தொட்டால்தான் மாறும்.

சோதனைப் பதிவுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் ஸ்டேஷன் கேமராவை மறந்துவிடாதீர்கள். 2020 டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் நுழைவாயில், லாக்-அப், நடைபாதை, ஆய்வாளர் அறை எனக் குரலோடு பதியும் கேமராக்கள் வேண்டும், பதிவை 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. ஹார்டு டிஸ்க் நிரம்பினால் பழைய பதிவின் மேல் புதியது எழுதப்பட்டுவிடும். ஆகவே குற்றப்பத்திரிகை வரும்வரை பொறுக்காமல், கைதான தேதி, நேரம், எந்தெந்தக் கேமரா என்று குறிப்பிட்டு, அந்தப் பதிவைப் பாதுகாத்து வைக்க உத்தரவிடுமாறு முதல் ரிமாண்டிலேயே மனு கொடுங்கள்.